மேடம் பணியில் இருக்கிறார்

"எத்தனை நாற்காலி சார் இறக்கட்டும்?" என்று வண்டியின் பின்கதவைத் திறந்துகொண்டே கேட்டார் வாடகைக்காரர்.

கண்ணாடிக்கடைக்காரருக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு எத்தனை பேர் வருவார்கள், எவ்வளவு பால் வேண்டும், யாருக்குச் சொல்ல வேண்டும், யாருக்குச் சொன்னால் வம்பு போன்ற கேள்விகளையெல்லாம் கல்யாணமான நாளிலிருந்து அவர் உள்பக்கம் திரும்பி ஒரு குரல் கொடுத்தே தீர்த்துவந்தார். இப்போதும் பழக்கதோஷத்தில் கழுத்து பாதி திரும்பிவிட்டது. உள்ளே கூடத்தில், பதில் சொல்ல வேண்டியவள் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தாள். திரும்பிய கழுத்தைச் சும்மா திருப்பிக்கொண்டால் நன்றாக இருக்காது என்று, சுளுக்கிக்கொண்டதுபோல ஒரு கையால் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"உங்களுக்குத் தோணுறதை இறக்குங்க."

"எனக்கு என்ன சார் தோணும்? அம்மாவை நிறைய பேருக்குத் தெரியுமா, கொஞ்சம் பேருக்குத் தெரியுமா? அதைச் சொல்லுங்க, மீதியை நான் பாத்துக்கறேன்."

அது முதல் கேள்வியைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் மனைவி கடல் ஆய்வுத் துறையில் நிர்வாகத்துக்கும் நிதிக்கும் தலைமை அதிகாரி. கடலுக்குள் போகிற விஞ்ஞானிகளின் படம் பத்திரிகையில் வரும். அந்தக் கப்பலுக்கு டீசல் போடப் பணம் ஒதுக்கியவள் படத்தை யார் போடுவார்கள்? இத்தனைக்கும் அவள் கப்பலில் கால் வைத்ததில்லை. பூங்காவில் பெடல் படகு ஏறியதற்கே வாந்தி எடுத்தவள்.

காலையில் எழுந்தாள். அடுப்பில் தண்ணீர் வைத்தாள். "வருஷக் கடைசி, வர நேரமாகும், எனக்காகக் காத்திருக்காதீங்க" என்றாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொதித்தது. அவர்தான் எழுந்துபோய் அணைத்தார். அணைத்துவிட்டு, "கொதிக்கிறது காதுல விழலயா?" என்று கேட்டுக்கொண்டே திரும்பினார். எதிர்வீட்டு டாக்டர் வந்து பார்த்து, இதயம் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். அந்த வார்த்தையில் கண்ணாடிக்கடைக்காரருக்கு எதுவும் விளங்கவில்லை. வாசலில் செருப்புகள் குவிந்த பிறகும் விளங்கவில்லை.

"அத்தான், நீங்க உள்ள போங்க. நாற்காலியை நான் பாத்துக்கறேன்" என்று வந்து நின்றான் மனைவியின் தம்பி. காலையிலிருந்து எல்லாவற்றையும் அவன்தான் பார்த்துக்கொண்டான். பார்த்துக்கொள்ள எதுவும் இல்லாத ஒரே ஆள் கண்ணாடிக்கடைக்காரர்தான்.

அப்போதுதான் ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் ஒரு கையால் மலர்வளையத்தையும் இன்னொரு கையால் இடுப்பையும் பிடித்திருந்தார். துறையின் கணக்கு அதிகாரி. ஓய்வூதியத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்ட வயது. பின்னால் வந்த பெண்மணி வெயிலில் கறுத்த முகத்தோடு, தலையைச் சீவாமல், ரப்பர் செருப்போடு வந்திருந்தார். கடலில் மிதவை போடுகிற பிரிவின் விஞ்ஞானி. ஆபீசில் அவருக்கு மிதவைக்காரம்மா என்றுதான் பெயர்.

"ஆபீஸ் வண்டி இல்லையா?" என்று எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டார் கண்ணாடிக்கடைக்காரர்.

"மேடம் வீட்டுக்கா?" என்று பதறினார் கணக்கு அதிகாரி. "ஆபீஸ் வண்டியில வந்தா எழுந்து உக்காந்து கேள்வி கேப்பாங்க சார்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கண்ணாடிக்கடைக்காரர் சிரித்துவிட்டார். சாவு வீட்டில், அதுவும் தன் வீட்டில், சிரித்துவிட்டோமே என்று சுற்றும் பார்த்தார். வாடகைக்காரர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிச் சிரிக்கிற வீட்டுக்கு நாற்காலி கொஞ்சம் போதும் என்று அவர் முடிவுசெய்ததுபோல் இருந்தது.

மலர்வளையம் வைத்தாயிற்று. மிதவைக்காரம்மா காலருகே நின்று முகத்தையே பார்த்தார். பிறகு கண்ணாடிக்கடைக்காரரின் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். கணக்கு அதிகாரி உட்காரவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். கடைசியில் கண்ணாடிக்கடைக்காரரின் முழங்கையைத் தொட்டு, "சார், ஒரு நிமிஷம், அப்படி ஓரமா" என்றார்.

அந்த வீட்டில் ஓரம் என்று மிஞ்சியிருந்தது சமையலறைதான்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல சார். தப்பா எடுத்துக்காதீங்க. மேடம் போன் எங்க இருக்கு?"

"என்கிட்டதான். ஏன்?"

"இன்னைக்கு நிதியாண்டு முடியுது. சாயங்காலம் கருவூலத்தோட சிஸ்டம் மூடிடும். அதுக்குள்ள ஒதுக்காத பணம் எல்லாம் அரசாங்கத்துக்கே திரும்பிப் போயிடும். மேடம் வருஷா வருஷம் கடைசி நாள் ஒரு வேலை பண்ணுவாங்க. எல்லாப் பிரிவுலயும் மிச்சம் விழுந்ததை ஒண்ணாச் சேர்ப்பாங்க. பெயின்ட் அடிக்காத சுவரு, வாங்காத ஏசி, போகாத டூரு, எல்லாத்தையும் கூட்டிப் பெருக்கிக் கடல் பக்கம் தள்ளிடுவாங்க. அதுலதான் சார் கப்பல் வாடகை. அதுலதான் மிதவை. நேர் வழியில எங்க துறைக்கு யாரு தர்றாங்க? கடல் எங்கயும் போகாது, அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொல்லிடுவாங்க."

"சட்டப்படி செய்யலாமா அதை?"

"பக்கா சட்டப்படி சார். ஆனா ஒரே ஒரு அதிகாரியோட சம்மதத்துல, அந்த ஒரு நாள் செய்யலாம். அது மேடம். மத்தியானம் வரைக்கும் எல்லாப் பிரிவும் கணக்கு குடுப்பாங்க, அதுக்கப்புறம்தான் தொடுவாங்க. நான் என் பக்கம் காலையிலயே அனுப்பிட்டேன், விஷயம் தெரியறதுக்கு முன்னாடி. மேடம் போன்ல இப்ப ஒரு கேள்வி நின்னுட்டிருக்கும். சம்மதமா, இல்லையான்னு. சம்மதம்னு தொட்டாப் போதும்."

கண்ணாடிக்கடைக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை இரவுகள் நினைவுக்கு வந்தன. வாரம் முழுக்க ஃபிரிட்ஜில் மிஞ்சியதெல்லாம் அன்று ஒரே சட்டியில் விழும். அந்தப் பதார்த்தத்துக்குப் பெயர் கிடையாது. கேட்டால் முறைப்பு கிடைக்கும். ஒரு துறையே அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது என்பது அவருக்கு இன்றுதான் தெரிந்தது.

"அவங்களுக்குப் பதிலா வேற யாராவது..."

"மாற்று அதிகாரி பேரு குடுங்கன்னு எத்தனை தடவை குறிப்பு எழுதி வச்சேன்! 'பேசவும்'னு எழுதித் திருப்பி அனுப்புவாங்க. போய்ப் பேசினா, 'யாரை நம்பிக் குடுக்கறது?'ன்னு கேப்பாங்க. எதிர்ல நான்தான் நிப்பேன்."

"மேலிடத்துல சொன்னா?"

"முதல்ல இரங்கல் செய்தி அனுப்புவாங்க. அடுத்த நிமிஷம் பணத்தை எடுத்துக்குவாங்க."

கண்ணாடிக்கடைக்காரர் கேட்க வேண்டியதைக் கேட்டார். "ஆனா அவ இல்லையே?"

கணக்கு அதிகாரி குரலை இன்னும் தாழ்த்தினார். "அதுலதான் ஒரு வழி இருக்கு சார். நான் இன்னும் ஆபீசுக்குச் சொல்லல. இவங்களுக்கு மட்டும்தான் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். நான் பணியாளர் பிரிவுக்குச் சொல்லி, அவங்க பதிவு பண்ற வரைக்கும்... மேடம் லீவுல கூட இல்ல சார். பணியில இருக்காங்க."

அந்த விதியைக் கொஞ்சம் வீட்டுக்கும் நீட்டித்துத் தர முடியுமா என்று கேட்கத் தோன்றியது கண்ணாடிக்கடைக்காரருக்கு.

"இங்க வச்சா சார் இதைக் கேப்பீங்க?"

மிதவைக்காரம்மா சமையலறை வாசற்படியில் நின்றார். கண் சிவந்திருந்தது.

"ஆட்டோவில வரும்போதே படிச்சுப் படிச்சுச் சொன்னேன் இல்ல? போறோம், கும்பிடறோம், வந்துடறோம், ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு. ஒரு ஸ்டேப்ளர் பின் இல்லன்னா பில்லைத் திருப்பி அனுப்பினவங்க. அவங்க பேருல, அவங்க போன அன்னைக்கு, திருட்டுக் கையெழுத்தா?"

"உங்க கப்பலுக்குத்தாம்மா கேக்கறேன்!"

"எனக்குக் கப்பல் வேணாம்னு சொல்லிட்டேனே."

"வேணாம்னா? பாதி மிதவை நங்கூரம் அறுந்து எங்கெங்கயோ போய்ட்டிருக்குன்னு போன வாரம் மேடம் முன்னாடி அழுதது யாரு?" அவர் கண்ணாடிக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "நடுக்கடல்ல நிறுத்தி வச்சிருக்கிற மிதவை சார். காத்து, அலை, தண்ணியோட சூடு எல்லாத்தையும் கரைக்குச் சொல்லிட்டே இருக்கும். புயல் கிளம்பினா முதல்ல பாக்கறது அதுதான். இந்தப் பருவத்துக்குள்ள போய்ச் சங்கிலி மாத்தலன்னா மீதியும் செத்துப் போயிடும்."

செத்து என்ற சொல் சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றது.

"மாட்டிக்கிட்டா உங்களுக்கு வேலை போயிடுமே?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"போகும் சார். ஓய்வூதியமும் போகும்." கணக்கு அதிகாரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சமையல் மேடையில் சாய்ந்தார். "எனக்கு மட்டும் ஆசையா? சார், என் பிரிவுக்கு நாற்காலி வாங்கப் பணம் வந்து எவ்வளவு வருஷம் ஆச்சு தெரியுமா? ஒவ்வொரு வருஷமும் வரும். ஒவ்வொரு வருஷமும் மேடம் கூப்பிட்டு, 'இந்த வருஷம் சமாளிச்சுக்கங்களேன்'னு சொல்லிக் கடல்ல போட்டுடுவாங்க. ஒரு கால் இல்லாத நாற்காலிக்குப் பழைய ஃபைலை முட்டுக்குடுத்து உக்காந்திருக்கேன். என் முதுகுவலி பூரா அந்தக் கடல்ல கிடக்கு சார்! அதை எவனோ இன்னைக்குச் சாயங்காலம் திரும்ப எடுத்துட்டுப் போனா..."

கணக்கு அதிகாரி கையை நீட்டினார். துண்டு போலத் தொங்கிய கைப்பிடித் துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது அடுப்பு துடைக்கிற துணி. கண்ணாடிக்கடைக்காரர் சொல்லலாமா என்று பார்த்து, விட்டுவிட்டார்.

மிதவைக்காரம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "மத்தியானம் எங்க ரூமுக்கு வந்துதான் சாப்பிடுவாங்க" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

"யாரு?"

"மேடம்தான்."

"அவ டேபிள்லயே சாப்பிடறதாத்தான் சொல்லுவா."

"இல்ல சார். ரொம்பத் தூரத்துல இருக்கிற மிதவை ஒண்ணு. அதோட கோடு திரையில மேலயும் கீழயும் போய்ட்டிருக்கும். அதுக்கு எதிர்ல நாற்காலியைப் போட்டுக்குவாங்க. சாப்பிட்டுக்கிட்டே பாப்பாங்க. என்ன ஏதுன்னு ஒரு நாள் கேட்டதில்ல. நானும் சொன்னதில்ல. டப்பாவை மூடிட்டுப் போயிடுவாங்க."

கண்ணாடிக்கடைக்காரர் யோசித்தார். அந்தச் சாப்பாட்டு டப்பாவை நிரப்பி அனுப்புகிறவர் அவர்தான். கடையைத் தாமதமாகத் திறப்பவருக்கு அந்த வேலை வந்து சேர்ந்திருந்தது. பெடல் படகுக்கே வாந்தி எடுத்தவள் அந்தக் கோட்டில் என்ன பார்த்தாள்? கேட்கலாமென்றால் கேட்கிற இடம் கூடத்தில் துணி போர்த்திக் கிடந்தது. அவர் வேறொன்றைக் கேட்டார்.

"சாப்பாட்டைப் பத்தி ஏதாவது சொல்லுவாளா?"

"உப்பு கம்மின்னு சொல்லுவாங்க. ஆனா மிச்சம் வச்சதில்ல சார்."

அவர் தலையாட்டினார். எதற்குத் தலையாட்டினார் என்று அவருக்கே பிடிபடவில்லை. "இருங்க, வந்துடறேன்" என்று சட்டைப்பையில் போனைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். போன் விரல் வைத்தால் திறக்கும் ரகம். அவள் ஆயிரம் தடவை திறந்ததைப் பார்த்திருக்கிறார். எந்த விரல் என்று பார்த்ததில்லை. துணிக்கடியில் கையை விட்டு அவள் வலது கட்டைவிரலைத் தேடிப் பிடித்து, போனின் மேல் மெல்ல வைத்தார். போன் ஒரு சின்ன உறுமல் உறுமியது. 'பொருந்தவில்லை, மீண்டும் முயலவும்' என்றது. ஆள்காட்டி விரலை வைத்தார். பொருந்தவில்லை. அடுத்ததை வைத்தார். நடுவில் விரலைத் தன் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கியும் பார்த்தார். பொருந்தவில்லை. இத்தனை வருடம் இவரோடு பொருந்திப் போனவளின் விரல் சில மணி நேரத்தில் மாறிவிட்டதா, அல்லது இதுவும் தனக்குத் தெரியாத ஏதோ ஒரு விதியா?

சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்கள், அவர் தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்தார்கள். ஒரு பெரியம்மா வாய்விட்டு அழவே தொடங்கினார். கண்ணாடிக்கடைக்காரருக்கு வெட்கமாகிவிட்டது. கையை எடுத்துவிடலாம் என்று நினைத்தார். எடுக்கவில்லை. சுண்டுவிரலையும் முயன்று முடித்து, அந்தக் கையில் வேறு விரல் மிச்சமில்லை என்றான பிறகும், எடுக்கவில்லை.

மகள் நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னப்பா பண்றீங்க?" என்றாள் காதோரம்.

அவர் சொன்னார். முன்னுக்குப்பின் முரணாகத்தான் சொன்னார். நாற்காலி, நங்கூரம், கருவூலம், உப்பு எல்லாம் கலந்து வந்தது. ஆனால் மகள் தாயைப் போல. நடுவில் குறுக்கிடாமல் கேட்டாள். அவளுக்குக் கோபம் வருகிறது என்பது மூக்கில் தெரிந்தது.

"அதுக்கு அம்மா விரலா?" என்றாள். பிறகு போனை வாங்கினாள். "விரல் இல்லன்னா நம்பர் போட்டாத் திறக்கும்பா."

"என்ன நம்பர்?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."

"அய்யய்யோ, அவ்வளவுதானா?"

"வேற எது வச்சாலும் மறந்துடுதுன்னு சொல்லுவாங்க."

அரசாங்கத்தின் கடலையே தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்கியவள், அதற்கு இப்படி ஒரு பூட்டுப் போட்டிருக்கிறாள். போன் சமர்த்தாகத் திறந்துகொண்டது. கணக்கு அதிகாரி சொன்னது சரிதான். திரையின் நடுவில் ஒரு கேள்வி நின்றது. கீழே இரண்டு கட்டங்கள். சம்மதம். சம்மதமில்லை.

"அம்மாவா இருந்தா என்ன பண்ணியிருப்பாங்கப்பா?"

"அதான் தெரியலம்மா." உண்மையிலேயே தெரியவில்லை. அந்தக் கணத்தில் அவர் தன் மனைவியைத் தெரிந்த ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்.

மகள் தாயின் முகத்தைப் பார்த்தாள். "தொட்டாலும் திட்டுவாங்க. தொடலன்னாலும் திட்டுவாங்க."

அது அவருக்குப் புரிந்தது. காலையிலிருந்து கேட்ட பேச்சில் முழுதாகப் புரிந்தது அது ஒன்றுதான்.

இரண்டு திட்டும் அவருக்கு நன்றாகப் பழக்கம். ஒரு பொருளைப் பாழாக்கினால் கிடைப்பது சின்னத் திட்டு. 'இப்படிப் பாழாப் போக விட்டுட்டு நிக்கறீங்களே' என்று ஒரே வாக்கியம், அதோடு முடிந்தது. முறைகேடு அப்படியில்லை. ஒரு தடவை அவளுடைய ஆபீஸ் உறை ஒன்றில் கடை பில்லை வைத்து அனுப்பிவிட்டார். ஒற்றை உறை. அந்தத் திட்டு ஒரு வாரம் ஓடியது. நடுவில் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் இடைவேளை உண்டு. விருந்தாளி வந்தால் நிற்கும். விருந்தாளி செருப்பு போட்டுக்கொண்டதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். காலையில் பல் தேய்க்கும்போது, கதவு பூட்டும்போது, விளக்கணைத்த பிறகு இருட்டில், "இல்ல, நான் கேக்கறேன்..." என்று திரும்ப ஆரம்பிப்பாள். எழுந்து கடைக்குப் போனால் அங்கே போன் அடிக்கும்.

கண்ணாடிக்கடைக்காரர் மகளிடமிருந்து போனை வாங்கிக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அவள் சம்மதத்தை அவர் சொல்வது இதுதான் முதல் தடவை; வழக்கம் நேர்மாறாகத்தான் இருந்தது.

 பிறகு நீளமான திட்டுக்கு உரியதைத் தொட்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. விசிறி சுற்றியது. பெரியம்மா அழுது ஓய்ந்து மூக்கைச் சிந்தினார். சமையலறைப் பக்கம் ஒரு போன் சிணுங்கியது. கணக்கு அதிகாரி எதையோ கீழே போட்டார். ஏதோ பாத்திரம். மிதவைக்காரம்மா யாரையும் பார்க்காமல் கூடத்தைக் கடந்து வெளியே போய், வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார்.

கணக்கு அதிகாரி வந்தார். மேடத்தின் எதிரில் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, கையைக் கட்டி நின்றார். விடுப்பு கேட்க வந்தவரைப் போல இருந்தது. பிறகு குனிந்து கண்ணாடிக்கடைக்காரரிடம், "இனிமே ஆபீசுக்குச் சொல்லிடட்டுமா சார்?" என்றார்.

"என்னன்னு?"

கணக்கு அதிகாரி கட்டிய கையை அவிழ்த்து, மறுபடி கட்டிக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுத்துச் சொல்லுங்களேன்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"எவ்வளவு நேரம் சார்?"

கண்ணாடிக்கடைக்காரரின் கழுத்து மட்டும் பாதி திரும்பியது. கணக்கு அதிகாரி காத்திருந்து பார்த்துவிட்டு, வாசலுக்குப் போய் எண்களை அழுத்தத் தொடங்கினார். "பணியாளர் பிரிவா? நான்தான் பேசறேன்..." என்ற குரல் உள்ளே வந்தது. அதற்கு மேல் காதில் விழாதபடி அவர் தெருவில் இறங்கி நடந்தார்.

பெரிய வண்டி ஒன்று தெருவில் பின்பக்கமாக வந்தது. நாற்காலிகளை இழுத்து ஒதுக்கும் சத்தம் கேட்டது. மனைவியின் தம்பி வந்து தோளில் கை வைத்தான்.

"அத்தான், வண்டி வந்துடுச்சு. எழுந்திரிங்க."

"இதோ, மாப்ள."

கையிலிருந்த போன் ஒளிர்ந்தது. புதிதாக ஒரு செய்தி வந்திருந்தது. 'நீங்கள் அளித்த சம்மதம் பதிவாகியுள்ளது. இதைச் செய்தது நீங்கள் இல்லையென்றால் உடனே தெரிவிக்கவும்.'

அவர் படித்தார். இன்னொரு முறை படித்தார். ஆட்கள் உள்ளே வந்து, நான்கு பக்கமும் நின்று, யார் எங்கே பிடிப்பது என்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். திரை மங்கியது. கண்ணாடிக்கடைக்காரர் விரலால் ஒரு தொடு தொட்டார், வெளிச்சம் வந்தது. "அத்தான்" என்றான் மைத்துனன் மறுபடியும். அவர் எழுந்து நின்றார், திரையைப் பார்த்தபடியே. அது மீண்டும் மங்கத் தொடங்கியபோது மீண்டும் தொட்டார்.